கொலைக் கதைக்குக் கூலி கொடுக்கும் வணிகப் பெருமக்களுக்கு



செக்கெண்ணெயும் மசாலாப் பொடியும் விற்போரும், பட்டுச்சேலைக் கடையும் நகைக்கடையும் நடத்துவோரும், முறுக்குக் கம்பியும் சிமெண்டும் சோப்புக் கட்டியும் செய்து நாலா திசைக்கும் அனுப்புவோருமாகிய தங்களுக்கு, தங்கள் சரக்குகளைக் காசு கொடுத்து வாங்கிப் பழகிய கரிசல் காட்டுக்காரன் ஒருவன், எட்டையபுரத்துக்குத் தெற்கே தூத்துக்குடிச் சாலையில் இருக்கும் எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து வணக்கத்தோடு எழுதும் மடல் இது. உண்மைச் சம்பவம் என்ற முத்திரையோடு இரவுதோறும் தொலைக்காட்சியில் நடத்தப்பெறும் குற்ற நிகழ்ச்சிகளைப் பற்றி எனக்குச் சில மனக்குறைகள் உண்டு. அவற்றை நிலையத்தாருக்கு எழுதுவதே முறை என்று நண்பர்கள் சிலர் அபிப்பிராயப்பட்டார்கள். ஆயினும் இந்த வியாபாரத்தின் வரவு செலவை ஓரளவு ஆராய்ந்து பார்த்த பிறகு, நிலையத்தார் விற்பவர்கள், தாங்கள் வாங்குபவர்கள், விற்பவரிடம் முறையிடுவதைக் காட்டிலும் வாங்குபவரின் காதில் போட்டு வைப்பதே பயன் தரும் என்ற முடிவுக்கு வந்து, தங்கள் விலாசத்துக்கே இதை எழுதத் துணிந்தேன்.

குற்றக் கதையே கூடாது என்று வாதிக்க வந்தவன் என்று என்னைத் தாங்கள் எண்ணிவிடக் கூடாது. எங்கள் சீமையில் கொலைக் கதைக்கு வயது அதிகம். எங்கேனும் ஒரு படுகொலை நடந்தால், வழக்கு நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே அதைச் சிந்தாகக் கட்டி, மட்டக் காகிதத்தில் அச்சடித்து, சந்தையிலும் ரயில் வண்டியிலும் பாடி விற்றவர்கள் இருந்தார்கள். கொலைச்சிந்து என்று பெயர் பெற்ற அந்தச் சிறு புத்தகங்களை வாங்கி, வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டுக் கண்ணீர் விட்டதும் உண்டு. அதற்கும் முன்னால், அநியாயமாக மாண்டவர்களைத் தெய்வமாக்கி, கொடை விழாவில் வில்லுப்பாட்டாக அவர்கள் கதையைச் சொல்லி, சாமியாடிக் கும்பிடும் வழக்கம் தென்பாண்டி நாடு முழுவதும் இன்றளவும் நிலைத்திருக்கிறது. ஆகவே மனிதன் மனிதனுக்கு இழைத்த கொடுமையைக் கேட்க ஆசைப்படுவது நேற்று முளைத்த நோய் என்று நான் கருதவில்லை. எல்லாரும் அறிந்த ஒரு கதையை இங்கே எடுத்துக்கொண்டால் என் மனத்தில் இருப்பதை விளக்கிச் சொல்ல முடியும்.

வத்திராயிருப்புக்கு அருகே அர்ச்சுனாபுரத்தில் கோயில் கொண்டிருக்கும் நல்லதங்காள் யார்? பெற்ற பிள்ளைகள் எழுவரைத் தன் கையாலேயே கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் விழுந்து மாண்ட ஒரு தாய். போலீஸ் ஏட்டில் பதிந்தால் அது ஏழு கொலையும் ஒரு தற்கொலையும். இன்றைய நிகழ்ச்சியில் ஏறினால் அதற்கு என்ன தலைப்பு வைப்பார்கள் என்பதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் கதைப்பாடலைக் கட்டியவர்கள் கிணற்றங்கரையில் தொடங்கவில்லை. வானம் பொய்த்து மானாமதுரையில் விழுந்த பன்னிரண்டு வருஷப் பஞ்சத்தில் தொடங்கினார்கள். வாழ்க்கைப்பட்ட இடத்தில் வழியற்று, பசித்த பிள்ளைகளோடு அவள் அண்ணன் வீட்டை நோக்கி நடந்த தூரத்தைச் சொன்னார்கள். அண்ணன் இல்லாத நேரத்தில் அண்ணி மூளி அலங்காரி கதவை அடைத்ததையும், ஈர விறகும் உடைந்த சட்டியும் கொடுத்து அவமதித்ததையும் சொன்னார்கள். இவ்வளவும் சொன்ன பிறகே கிணற்றுக்கு வந்தார்கள். கேட்டவர்கள் அந்தத் தாயைக் கொலைகாரி என்று ஏசாமல் கும்பிட்டார்கள் என்றால், அதற்குக் காரணம் பாட்டுக்காரர்கள் பஞ்சத்திலிருந்து கிணறு வரைக்கும் உள்ள வழியை ஒன்று விடாமல் காட்டியதுதான். மானாவாரி நிலத்தில் மழையை நம்பிப் பருத்தியும் உளுந்தும் மிளகாயும் விதைத்து வாழும் எங்களுக்கு அந்த வழி நன்றாகப் புரியும். இன்றைய நிகழ்ச்சியோ கிணற்றை மட்டும் வைத்துக்கொண்டு பஞ்சத்தை விட்டுவிடுகிறது. அப்படி விடுவதற்குத் தயாரிப்பாளரின் மனக்கொடுமை காரணமன்று. தாங்கள் கொடுக்கும் பணம் எந்த அளவுகோலால் அளந்து கொடுக்கப்படுகிறதோ அந்த அளவுகோலே காரணம். இதை நிரூபிக்கவே இத்தனை நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

அச்சுக் காலத்திலும் குற்றம் நன்றாகவே விலைபோயிற்று. 1952-ஆம் ஆண்டில் சென்னையில் காணாமற்போன ஆளவந்தார் என்பவரின் தலை ராயபுரம் கடற்கரையிலும், உடல் தனுஷ்கோடிக்குச் செல்லும் போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரையிலும் அகப்பட்டபோது, தமிழ்நாட்டில் பத்திரிகை படிக்கத் தெரிந்த அனைவரும் அதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைய பத்திரிகையை வாங்கியவன் தன் அணாவைக் கொடுத்து வாங்கினான். கொலைச்சிந்தை வாங்கியவனும் அப்படியே. பிடிக்காவிட்டால் மறுநாள் வாங்காமல் இருக்க அவனுக்கு உரிமை இருந்தது. தொலைக்காட்சியில் இந்த உறவு தலைகீழாகிவிட்டது. பார்ப்பவன் வாடிக்கைக்காரன் என்ற ஸ்தானத்தை இழந்தான். அந்த ஸ்தானம் தங்களுக்கு வந்தது.

1975 ஆகஸ்டு 15-இல் சென்னைத் தூரதர்ஷன் தொடங்கியது. 1976 ஜனவரி முதல் தேதியிலிருந்து அரசாங்கத் தொலைக்காட்சி விளம்பரங்களை ஏற்கத் தலைப்பட்டது. அதற்கு வெகு காலம் முன்பே, 1941 ஜூலை முதல் தேதியில் நியூயார்க்கில் ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு முன்னால் புலோவா கடிகாரக் கம்பெனியின் சிறு விளம்பரம் தோன்றியதும், அதற்கு ஆன செலவு ஒன்பது டாலர் என்பதும் விளம்பர உலகத்தார் பெருமையோடு சொல்லும் சரித்திரம். தமிழ்நாட்டில் 1993 தமிழ்ப் புத்தாண்டில் சன் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு தனியார் நிலையங்கள் பெருகின. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்த அரசு கேபிளும் சேர்ந்து, மண் சுவர் வீட்டுக்குள்ளும் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தன. வீடு தோறும் பெட்டி வந்ததனால் தங்களுக்குச் சந்தை விரிந்தது; எங்களுக்குப் பொழுது போயிற்று. இந்தப் பெருக்கத்தின் நடுவிலேதான் சன் தொலைக்காட்சியின் 'நிஜம்', விஜய் தொலைக்காட்சியில் கோபிநாத் வழங்கிய 'நடந்தது என்ன? குற்றமும் பின்னணியும்' போன்ற நிகழ்ச்சிகளும், அவற்றைப் பார்த்துச் செய்திச் சானல்கள் தொடங்கிய வேறு பலவும் வந்தன.

இனி விளம்பரக் கணக்குக்கு வருகிறேன். தங்களிற் பலர் இதை விளம்பர ஏஜென்சிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, தாம் கையெழுத்து மட்டும் போடுகிறவர்களாக இருக்கலாமாதலால், அறிந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். தொலைக்காட்சியில் நேரம் பத்து விநாடி என்னும் அலகால் விற்கப்படுகிறது; தங்கள் விளம்பரம் முப்பது விநாடி ஓடினால் அது மூன்று அலகு. கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிஷத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. அதிலும் 10 நிமிஷம் வணிக விளம்பரம், 2 நிமிஷம் நிலையத்தாரின் சொந்த விளம்பரம். ஆகவே சட்டப்படி நடக்கும் ஒரு நிலையத்துக்கு ஒரு மணி நேரத்தில் விற்கக் கிடைப்பவை அறுபது அலகுகளே. விற்கக் கூடிய அளவு இப்படி வரையறுக்கப்பட்டிருக்கையில், வருமானத்தைப் பெருக்க வேண்டுமானால் ஒவ்வோர் அலகின் விலையையும் ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. விலை ஏறுவதற்குக் கண்கள் கூட வேண்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை ரேட்டிங் புள்ளியாகக் கணக்கிட்டு, ஒரு புள்ளிக்கு எவ்வளவு பணம் என்று ஏஜென்சியார் பேரம் பேசுகிறார்கள். நிகழ்ச்சி நல்லதா, பொல்லாததா, யாருடைய துக்கத்தைக் கிளறி எடுத்தது என்ற விசாரணைக்கு அந்தப் பேரத்தில் இடமே இல்லை.

எட்டையபுரத்தில் சனிக்கிழமை தோறும் கூடும் ஆட்டுச் சந்தையை நேரில் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். விற்பவனும் தரகனும் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது. கயிற்றில் கட்டுண்டு இலையைக் கடித்துக்கொண்டிருக்கும் ஆட்டுக்குத் தன்னைப் பற்றித்தான் பேச்சு நடக்கிறது என்பதே தெரியாது. இரவு ஒன்பதரை மணிக்குப் பெட்டியின் முன்னால் உட்காரும் நாங்கள் அந்த ஆட்டின் நிலைமையில் இருக்கிறோம். துண்டுக்குள் விரல் பிடிக்கும் வேலையை 2015 முதல் பார்க் என்னும் அளவீட்டு நிறுவனம் செய்து வருகிறது. நாடு முழுவதும் இருந்த ஏறத்தாழ 21 கோடித் தொலைக்காட்சி வீடுகளுக்குப் பிரதிநிதியாகச் சுமார் 55,000 வீடுகளில் ஒரு கருவியைப் பொருத்தி, ஒலியில் மறைத்து வைத்த அடையாளத்தைக் கொண்டு எந்த நிலையம் ஓடுகிறது என்று அது குறித்துக்கொள்கிறது. வீட்டிலுள்ளவர் ஒவ்வொருவரும் பார்க்க உட்காரும்போது தமக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். பொத்தான் அழுத்தியவர் அச்சத்தால் பார்த்தாரா, அருவருப்பால் பார்த்தாரா, வேறு வேலைக்கு நடுவே தற்செயலாகப் பார்த்தாரா என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அதற்கு அவசியமும் இல்லை. 2020 அக்டோபரில் ரேட்டிங்கில் மோசடி என்று மும்பைப் போலீசார் வழக்குப் பதிந்ததைத் தொடர்ந்து செய்திச் சானல்களின் ரேட்டிங் நிறுத்திவைக்கப்பட்டு, 2022 மார்ச்சில்தான் மீண்டும் வெளிவந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அத்தனை காலமும் விளம்பரம் நிற்கவில்லை. துண்டு போடாமலே சந்தை நடந்தது.

இந்த அளவுகோல் ஒரு கதையின் உடம்பை எப்படி வளைக்கிறது என்பதை ஒரு சிறு காட்சியால் விளக்குகிறேன். தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்த் திரும்பிய பெண்கள் இருவர், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டே ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நானும் உடனிருந்தேன். திரையில் நடிகை ஒருத்தி கதவைத் திறக்கிறாள். பின்னால் ஒரு நிழல். பறை போன்ற ஒரு சத்தம் மூன்று முறை. அவள் முகம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் அருகில். குரல் கொடுப்பவர், அந்தக் கதவுக்குப் பின்னால் காத்திருந்தது யார் என்று கேட்கிறார். உடனே இடைவேளை. நல்லெண்ணெய் ஒன்று, நகைச் சீட்டு ஒன்று, குழந்தைகளுக்கான சத்துமாவு ஒன்று, சுவருக்குப் பூசும் வர்ணம் ஒன்று. இடைவேளை முடிந்ததும் கதை முன்னே போகாமல் பின்னே போயிற்று. இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக முதலிலிருந்து சுருக்கம் சொன்னார்கள். பிறகு அதே கதவு, அதே நிழல், அதே சத்தம். வத்தல் கிள்ளிய பெண்களில் மூத்தவள், "இவன் கதவத் தெறக்குறதுக்குள்ள வெடிஞ்சிரும் போலருக்கு" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவளுக்கு இருந்த விவேகம் எனக்கு இல்லை. நான் கடைசி வரை பார்த்தேன். கதவுக்குப் பின்னால் இருந்தவன் அவளுடைய கணவன் என்பது முதல் ஐந்து நிமிஷத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்த விஷயம்.

இது கலைக் குறைபாடு என்று விமர்சகர் சொல்லலாம். கணக்கு என்று நான் சொல்வேன். இடைவேளையின்போது பார்ப்பவன் வேறு நிலையத்துக்கு ஓடிவிட்டால் தங்கள் விளம்பரத்தின் புள்ளி குறையும்; அவன் ஓடாதபடி இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு திகிலைக் கட்டிவைக்க வேண்டும்; திகிலுக்குப் பஞ்சமும் கடனும் குடும்ப வழக்கும் உதவமாட்டா, நிழலும் கதவும் அரிவாளும்தான் உதவும். இப்படி ஓர் இரவுக்கு மூன்று நான்கு முறை கட்டிவைக்க வேண்டியிருப்பதால், ஒரு கொலையை மூன்று நான்கு கொலையாக்கிக் காட்டுகிறார்கள். நாடகத்திலும் சினிமாவிலும் கற்பனைப் பாத்திரத்தை இப்படி நடத்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. இங்கே வெட்டுப்பட்டவள் ஒரு வீட்டுக்கு மகளாக இருந்தவள். அவளைப் பெற்றவர்கள் இன்னும் அதே தெருவில் இருக்கிறார்கள். எங்கள் வட்டாரத்தில் அப்படி ஒரு குடும்பத்தை நான் அறிவேன். கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று நிகழ்ச்சிக்காரர் வாங்கிப்போய் எடுத்த ஒரு படம் எத்தனையோ தடவை மறு ஒளிபரப்பாகி, ஒருநாள் தேநீர்க் கடையில் ஓடிக்கொண்டிருந்ததை, அப்போது பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அந்த வீட்டுப் பிள்ளை நின்று பார்த்தது. அந்தப் படத்தைச் சுற்றித் திரையின் கீழும் பக்கமுமாக மடக்கி வைத்த பட்டையில் ஏதோ ஒரு கடையின் ஆடித் தள்ளுபடி ஓடியது. அந்தக் கடைக்காரருக்கு இது தெரிந்திருக்கவே நியாயமில்லை. தெரியாதபடி ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது என்பதுதான் என் குறை.

அப்படிப்பட்ட பட்டைகள் சட்டத்துக்குப் பொருந்துமா என்று தங்கள் வக்கீல்களைக் கேட்டுப் பாருங்கள். விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாகப் பிரித்தறியும்படி இருக்க வேண்டும், திரையின் கீழ்ப்பாகத்தில் எழுத்தை நிறுத்தியோ ஓடவிட்டோ நிகழ்ச்சிக்கு இடையூறு செய்யலாகாது என்று கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஏழாவது விதியே சொல்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது; குழந்தையாக இருந்தால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேரும்; மாண்டவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டென்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. சட்டம் இல்லாமல் இல்லை.

அதற்காகத் தடை விதியுங்கள் என்று கூக்குரலிடவும் எனக்கு மனமில்லை. தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிட முற்பட்டபோது, அதைத் தடுக்க முயன்ற அதிகாரிகளை எதிர்த்து ஆசிரியர் உச்ச நீதிமன்றம் சென்றதும், 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு, அச்சுக்கு முன்பே வாயைக் கட்ட அரசுக்கு அதிகாரம் இல்லை, பொது ஆவணங்களில் உள்ளதை ஒருவருடைய சம்மதம் இல்லாமலும் வெளியிடலாம், ஆனால் பாலியல் கொடுமைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயரை அப்படி வெளியிட்டு அவளை மேலும் இழிவுக்கு ஆளாக்கலாகாது என்று வகுத்ததும் இந்த நாட்டுப் பத்திரிகைச் சுதந்திரத்தின் சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கவை. எங்கள் பக்கத்திலேயே அந்தச் சுதந்திரத்தின் பயனுக்கு ஒரு சான்று உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு, கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் ஒருவர்பின் ஒருவராக மாண்டபோது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து விசாரித்ததும், காவல் நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர் அஞ்சாமல் சாட்சி சொன்னதும் வழக்குக்கு உயிர் கொடுத்தன என்றால், பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அந்தச் செய்தியை விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததும் அதற்குத் துணை நின்றது. குற்றத்தைப் பேசுவது பெரும் புண்ணியமாகவும் இருக்கக் கூடும் என்பதை நாங்கள் கண்கூடாகக் கண்டவர்கள்.

பேச வேண்டிய குற்றம் எது, ஜோடித்துக் காட்டும் குற்றம் எது என்பதற்கு அடையாளம் தேடினால், முடிவைச் சொல்லும் பொறுப்பை ஏற்கிறதா என்பதை நான் முதன்மையாகக் கொள்வேன். 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்துண்டு இறந்த லட்சுமிகாந்தன், பிறர் அந்தரங்கத்தை அச்சடித்து விற்ற பத்திரிகைக்காரர். அந்தக் கொலை வழக்கில் திரை நட்சத்திரங்களான தியாகராஜ பாகவதரும் கலைவாணர் கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டுச் சிறையிருந்து, பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல் விடுதலையானார்கள். கைதானதை அறிந்தவர் எத்தனை பேர், விடுதலையானதை அறிந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், பாகவதரின் பிற்கால வாழ்க்கையே விடை சொல்லும். வட நாட்டில் இதைவிட விசித்திரம் நடந்தது. 1990-களின் இறுதியில் தேடப்படும் குற்றவாளிகளைப் பற்றி 'இந்தியாஸ் மோஸ்ட் வாண்டட்' என்ற நிகழ்ச்சியை நடத்திப் புகழ் பெற்ற சுஹைப் இலியாசி, 2000-இல் தம் மனைவியின் மரணத்தை ஒட்டிக் கைது செய்யப்பட்டார். 2017 டிசம்பரில் ஆயுள் தண்டனை பெற்றார். 2018 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். பதினெட்டு வருஷம் இழுத்த அந்த வழக்கை, கைதான வாரத்தில் யாராவது அரை மணி நேர நிகழ்ச்சியாக்கி முடித்திருந்தால், கடைசிக் காட்சியில் யாரைக் குற்றவாளியாக நிறுத்தியிருப்பார்கள்? நம் நிகழ்ச்சிகளில் எத்தனையோ போலீசார் கைகாட்டிய ஆளோடு முடிந்துவிடுகின்றன. தீர்ப்பு வர வருஷக்கணக்காகும். ரேட்டிங்கோ வாரந்தோறும் வருகிறது.

பிற நாடுகளிலும் இந்த நிகழ்ச்சிகள் உண்டு. ஆனால் வேர் வேறு. 1967-இல் மேற்கு ஜெர்மனியின் இசட்.டி.எப். நிலையத்தில் எட்வர்ட் சிம்மர்மன் தொடங்கிய நிகழ்ச்சி, துப்புத் துலங்காத வழக்குகளை எடுத்து, பார்த்தவர்கள் தகவல் தெரிந்தால் தொலைபேசியில் கூற வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு நடந்தது. அந்த நாட்டுப் பொது ஒளிபரப்பில் இரவு எட்டு மணிக்குப் பின் விளம்பரத்துக்கே இடமில்லாததால், கதவைத் திறக்குமுன் நிறுத்த வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. 1984-இல் பி.பி.சி. தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல் நடத்திய 'கிரைம்வாட்ச்' விளம்பரமே இல்லாத நிலையத்தில் ஓடியது. அவற்றிலும் அச்சத்தை மிகைப்படுத்தினார்கள் என்ற கண்டனம் எழாமல் இல்லை. இருந்தாலும் பார்ப்பவனை அவை துப்புச் சொல்லக்கூடிய சாட்சியாக நடத்தின.

இடையில் ஒரு சொந்த ஆற்றாமையையும் கொட்டிவிடுகிறேன். மடலுக்குச் சற்றுப் புறம்பானது, ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். குற்றம் எந்த ஊரில் நடந்தாலும் நடித்துக் காட்டும்போது தென்மாவட்டத்தான் என்றால் மடித்துக் கட்டிய வேட்டி, கிருதா மீசை, இடுப்பில் அரிவாள், வாய் திறந்தால் "ஏலே" என்ற ஒரு சொல். கரிசல் காட்டில் மனிதர்கள் பேசும் பேச்சை இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் வாழ்நாளெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அதில் ஒரு பக்கத்தைப் படித்திருந்தாலும் இந்த அலங்கோலம் நேர்ந்திராது. எங்கள் அரிவாள் பெரும்பாலும் கருவேலங்கிளை வெட்டத்தான் பயன்படுகிறது.

இனி, தங்களால் ஆகக்கூடியது என்ன? நாங்கள் புள்ளியைத்தான் வாங்குகிறோம், நிகழ்ச்சியை வாங்கவில்லை என்று சொல்லித் தங்களிற் சிலர் ஒதுங்கிக்கொள்ளக் கூடும். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக, எந்த நிகழ்ச்சி என்று குறிப்பிடாமல், ஒரு நாளின் எந்த வேளையிலும் நிலையத்தார் தம் விருப்பப்படி போட்டுக்கொள்ளலாம் என்று மொத்தமாக நேரம் வாங்கும் முறையில் அந்தச் சமாதானம் பிறக்கிறது. தங்கள் எண்ணெய்ப் புட்டியில் ஒரு தூசி விழுந்தால் ஆலையையே நிறுத்திச் சோதிக்கும் தாங்கள், தங்கள் பெயர் எந்தப் பிணத்தின் பக்கத்தில் தோன்றுகிறது என்று சோதிக்க மாட்டோம் என்பது பொருந்தாது. 2020 அக்டோபரில் பஜாஜ் ஆட்டோவின் ராஜீவ் பஜாஜ், வெறுப்பை வளர்க்கும் மூன்று சானல்களைத் தம் விளம்பரப் பட்டியலிலிருந்து விலக்கிவிட்டதாகப் பகிரங்கமாகச் சொன்னார். பிஸ்கோத்து செய்யும் பார்லே நிறுவனமும் அவ்வாறே ஆக்ரோஷமான நிகழ்ச்சிகளுக்குப் பணம் தருவதில்லை என்று அறிவித்தது. அதனால் அவர்கள் வண்டியும் விற்காமல் போகவில்லை, பிஸ்கோத்தும் விற்காமல் போகவில்லை. யூடியூபில் இதே நிகழ்ச்சிகள் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே துயரமும் கலவரமும் நிறைந்த காட்சிகளோடு என் விளம்பரம் சேர வேண்டாம் என்று விலக்குவதற்கு விளம்பரதாரருக்கு வசதியே வைத்திருக்கிறார்கள். இயந்திரம் கேட்கும் கேள்வியை ஏஜென்சிக்காரரும் கேட்கலாம் அல்லவா?

நான் கேட்பது பெரிதன்று. ஏஜென்சியார் நிலையத்துக்கு அனுப்பும் ரிலீஸ் ஆர்டரில், குற்ற நிகழ்ச்சியில் இவ்விளம்பரம் போடுவதானால் முன்கூட்டி எங்கள் சம்மதம் பெற வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சம்மதம் கொடுக்கிறீர்களா, நல்லது; தீர்ப்பு வராத வழக்கானால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், விடுதலையானால் அந்தச் செய்திக்கும் அதே நேரத்தில் இடம் தர வேண்டும், மாண்டவர் படம் தோன்றுகையில் பட்டை ஓடக்கூடாது என்று நிபந்தனை வையுங்கள். ஒளிபரப்பு முடிந்தபின் எந்த நாள், எந்த வேளை, எந்த நிகழ்ச்சியில் தங்கள் விளம்பரம் ஓடியது என்று ஒரு சான்றிதழ் தங்களுக்கு வருகிறது. பணம் கொடுக்கும் கணக்குப்பிள்ளை மாத்திரம் பார்க்கும் அந்தத் தாளைத் தாங்களும் ஒருமுறை வாங்கிப் படியுங்கள். நாங்களும் சும்மா இருக்கப் போவதில்லை. 2021-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, பார்ப்பவர் எழுதும் புகாருக்கு நிலையத்தார் 15 நாளுக்குள் பதில் தர வேண்டும்; திருப்தி இல்லையானால் அவர்களுடைய சுய கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். நிகழ்ச்சியின் பெயர், ஒளிபரப்பான வேளை, இடைவேளையில் வந்த விளம்பரங்களின் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவரும்படி எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்; புகாரின் நகல் ஒன்று விளம்பரம் கொடுத்தவருக்கும் வந்து சேரும்.

ஆடித் தள்ளுபடிக்குப் பணம் கட்டி முடித்திருப்பீர்கள். தீபாவளிக்கு ஆவணியிலேயே நேரம் பேசத் தொடங்குவார்கள் என்று கேள்வி. அதற்குள் இந்த மடல் தங்கள் மேஜைக்கு வந்து சேர வேண்டுமென்றுதான் இத்தனை அவசரமாக எழுதினேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கைக்காரன் ஒருவன்,
எப்போதும்வென்றான், தூத்துக்குடி மாவட்டம்.